ஊளை நின்ற தண்ணீர் லாரி

மேல்தெருவில் போய் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணிக்காரர் என்று கேட்டுப் பாருங்கள், கைக்குழந்தைகூட மேட்டுக்குக் கீழே கையைக் காட்டும். அந்தத் தெருவுக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம். குழாய்த் தண்ணீர் மேட்டில் பாதி தூரம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கிற வீடுகள் குளிப்பதும் குடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் இந்த மனுஷர் கொண்டுபோகிற லாரித் தண்ணீரில்தான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வேலை. இப்போது மீசை நரைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, முழங்காலும் முனக ஆரம்பித்தாயிற்று. லாரியும் அதே லாரி, மேடும் அதே மேடு.

அந்த லாரிக்கு ஒரு குணம் உண்டு. ஊளையிடும். பின்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரிப் புடைத்துக்கொண்டு ஒரு இரும்புக்கூடு இருக்கிறதே, அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். உள்ளே கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம். ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றி, இஞ்சினின் இழுப்பைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஜோடிதான். பல் தேய்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து அழும். தண்ணிக்காரர் லாரியில் அது அழ ஆரம்பித்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. நிறைந்த டேங்கோடு மேடேறும்போது அந்த ஊளை மேல்தெருவின் கடைசி வீட்டுச் சமையலறை வரைக்கும் போய் எட்டிப் பார்க்கும்.

ஓட்டுகிறவருக்கு மட்டும் அது கேட்காது. இஞ்சின் அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இரைகிறது. இத்தனை வருஷ இரைச்சலில் அவர் காதும் கொஞ்சம் மந்தம். குதிகாலில் லேசாக ஒரு நடுக்கம் தெரியும், அவ்வளவுதான். ஊளை, ஊளை என்று ஊரே சொன்னால், வண்டி என்று இருந்தால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்பார்.

அவருக்கு வேறு ஒரு பெருமை இருந்தது. தண்ணீர் நிரப்புகிற இடத்தில் வரிசை நீண்டால் மத்தியானமாகும், வரிசை இல்லாவிட்டால் காலையிலேயே வருவார். நேரம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் தையல்காரம்மா வீட்டு வாசலில் அவர் லாரியை நிறுத்தும்போது குடமும் வாளியுமாகத் தெருவே காத்துக்கொண்டு நிற்கும். ஹாரனை அவர் தொட்டதே இல்லை.

"மத்தவன் எல்லாம் தொண்ட கிழியக் கூப்பிடணும். நமக்கு அந்த வேலையே இல்ல. மனுஷனுக்கு மனுஷன் ஒரு பாசம். நான் வர்றது அவங்க மனசுக்கே தெரிஞ்சிடும்," என்பார் மனைவியிடம்.

"மனசுக்குத் தெரியுதோ என்னமோ, எனக்குக் காதுல ரத்தம் வருது. அந்த ஊளைய என்னிக்கு ஒழிச்சுக்கட்டப் போறீங்க?" என்பாள் அவள். வீடு மேட்டின் அடிவாரத்தில். போகும்போதும் வரும்போதும் அவள் காதைத் தாண்டித்தான் லாரி போகவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பாடுகிற பாட்டு இது.

ஒருநாள் மேட்டில் ஏறும்போது குதிகாலில் நடுக்கத்தோடு 'டக், டக்' என்று ஒரு உதையும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து டிஃபரன்ஷியலின் அடியில் இருக்கிற மூடியைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் வடித்தார். எண்ணெய் ஜிகினாத்தூள் கரைத்தது போல மினுக்கியது. கடைசியில் கட்டியாக ஒன்று வந்து தட்டில் 'ணங்' என்று விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால், உடைந்த பல்.

தண்ணிக்காரர் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டார். பட்டறைக்காரரிடம் ஓடினார். அவரோ ஆற அமரக் காதைக் குடைந்துகொண்டே, "வண்டிய விட்டுட்டுப் போங்க. கையில இருக்கற வேலையெல்லாம் முடியட்டும், மாசக் கடைசில பாக்கலாம்," என்றார். மாசக் கடைசி வரைக்கும் மேல்தெரு குளிக்காமலா இருக்கும்? அதுவும் இப்போதுதான் புதிதாக ஒரு நீலநிற டேங்கர் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு மேட்டடிவாரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மாசக் கடைசிக்குள் மேல்தெருவை அந்த நீல டேங்கர் கொத்திக்கொண்டு போய்விடும். தெரு கைவிட்டுப் போனால், இந்த வயதில் வேறு எந்தத் தெரு இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?

"நாமளே மாத்திடலாம்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"நாமளேன்னா யாரு?" என்றாள் மனைவி.

"நானும் உன் தம்பியும்."

"அவனா. அவன் ஒட்டவச்ச கேட்டே இன்னும் நேரா மூடல," என்றாள். ஆனாலும் தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்தது அவள்தான். ஊளை ஒழிகிறது என்றால் அவளுக்குக் கசக்குமா?

மச்சினன் வெல்டிங் வேலை செய்கிறவன். கை கொஞ்சம் முரடு, மனசு தங்கம். இரும்புச் சக்கரம் வைத்த ஒரு குட்டை வண்டியைப் பற்றவைத்துக் கொண்டுவந்தான். லாரியைக் கேட்டுக்குள் பின்பக்கமாக நுழைத்து, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். சாக்கை விரித்து இருவரும் அடியில் படுத்தார்கள். இஞ்சினிலிருந்து வருகிற நீளத் தண்டைக் கழற்றினார்கள். பிறகு சக்கரங்களின் நடுவிலிருந்து ஆக்சில் கம்பிகள் இரண்டையும் உருவினார்கள். சுற்றி இருக்கிற நட்டுகள் துருப்பிடித்து, பிறந்த நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறோம் என்று அடம் பிடித்தன. கடைசி நட்டும் வழிக்கு வந்ததும் டிஃபரன்ஷியல் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து, ஜாக்கியில் இறங்கி, மச்சினனின் குட்டை வண்டியில் ஏறியது. வண்டி கிறீச்சிட்டதே தவிர உடையவில்லை.

"பாத்தியாக்கா?" என்றான் மச்சினன்.

"பாத்தேன், பாத்தேன். அதெல்லாம் சரி, இத எங்க வைக்கப் போறீங்க?"

எங்கே வைப்பது? வெளியே மண் பறக்கிறது. ஒரு துளி மண் உள்ளே போனாலும் புதுப் பல் வீண். தண்ணிக்காரர் மெதுவாகக் கூடத்துப் பக்கம் பார்த்தார். அங்கே சாப்பாட்டு மேஜை இருந்தது. மச்சினன் அக்காவின் கல்யாணத்துக்குத் தன் கையாலேயே செய்து கொடுத்த இரும்பு மேஜை. நாலு ஆள் வேண்டும் நகர்த்த. பெருக்கும்போதெல்லாம் அவள் தம்பியைத் திட்டுவதற்கென்றே பிறந்த மேஜை.

"என் மேஜைலயா?" என்றாள்.

"இதுக்காகத்தான்கா அவ்வளவு கனமா செஞ்சேன்," என்றான் தம்பி, பச்சைப் பொய்.

பழைய திரைச்சீலையை விரித்து மேஜைமேல் ஏற்றினார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சாப்பாடு தரையில்தான். பழைய கிரவுனையும் பினியனையும் கழற்றிச் சாக்கில் போட்டார் தண்ணிக்காரர். கடையில் வாங்கிவந்த புதிய ஜோடியைப் பெட்டியிலிருந்து, பேத்தியை முதல்முதலாகத் தூக்கியதுபோல, இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். பொருத்திவிட்டால் மட்டும் போதாது. இரண்டு பல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்க்கவேண்டும். பல்லின் நடுவில் தொடவேண்டும். ஓரத்தில் தொட்டால் மறுபடியும் அழும், சீக்கிரமே உடையும். அதைப் பார்க்கக் கிரவுனின் பல்லில் சாயம் தடவிச் சுற்றுவார்கள். கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டில் கிரீஸைக் குழைத்தான் மச்சினன்.

மாமனுக்கும் மச்சினனுக்கும் கண்ணாடி போட்டும் கிட்டப்பார்வை சரியில்லை. ஆகவே அவள் வந்தாள். பினியனைக் கையால் மெல்லச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினாள். சிவப்பு எங்கே அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"ஓரமா இருக்கு."

ஷிம் என்று தாள் கனத்துக்கு ஒரு தகட்டு வளையம். அதை ஒன்று எடுத்தால் பினியன் ஒரு நூல் நகரும், ஒன்று போட்டால் ஒரு நூல் திரும்பும். கழற்றி, எடுத்து, மறுபடி பூட்டினார்கள்.

"இப்ப அந்த ஓரத்துக்குப் போயிடுச்சு."

மறுபடி கழற்றினார்கள். மறுபடி பூட்டினார்கள். மச்சினன் வாயைத் திறந்து கொட்டாவி விட்டான்.

"இப்ப?" என்றார் தண்ணிக்காரர்.

"பரவால்ல. ஆனா நட்ட நடுவுல இல்ல. கொஞ்சம் ஒதுங்கியிருக்கு."

"லாரிக்கு இது போதும்மா."

"போதாது. உங்களுக்கென்ன, உங்களுக்குக் கேக்காது. தினம் கேக்கறவ நான். கழட்டுங்க."

மச்சினன் மாமனைப் பார்த்தான். மாமன் ஸ்பேனரைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைவைத்து நின்றால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. கழற்றினார்கள். இப்படியே அவள் விடாப்பிடியாகப் பிடுங்கி எடுத்து, ஒருவழியாகச் சிவப்புக்கு நடுவே ஒவ்வொரு பல்லிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் அழிந்த அடையாளம் விழுந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல்.

எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, காலி டேங்கோடு தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். அவள் கேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "ஒண்ணுமே கேக்கல. பூனை நடக்கிற மாதிரி இருக்கு," என்றாள். மச்சினனுக்கும் தண்ணிக்காரருக்கும் தலைகால் புரியவில்லை. குதிகாலில் அந்த நடுக்கமே இல்லை. நாளைக்குக் காலையில் போய் நிற்கப்போகிற தோரணையை நினைத்து அவர் இரண்டு தடவை மீசையை நீவிக்கொண்டார்.

மறுநாள் டேங்கை நிரப்பிக்கொண்டு மேடேறினார். வெண்ணெயில் கத்தி போல லாரி ஏறியது. வளைவு தாண்டி, தையல்காரம்மா வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிக் குழாயை உருவினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு ஈ காக்காய் இல்லை.

சரி, ஏதோ வேலையாக இருப்பார்கள் என்று கொஞ்சம் நின்றார். கதவுகள் திறக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஹாரனை அடித்தார். யார் வருவார்கள்? பால் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும் பழைய பேப்பர் வண்டிக்கும் ஹாரன் இருக்கிறது. மேல்தெரு எந்த ஹாரனுக்கு அசைந்தது? மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு நீல நிற டோக்கன் தாள் காற்றில் உருண்டு போயிற்று. அது அந்த நீல டேங்கர்காரன் கொடுக்கிற டோக்கன். அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

அவ்வளவுதான், போய்விட்டார்கள். இவர் மாடாக உழைத்துத் தண்ணீர் சுமந்த தெரு, நாலு நாள் லாரி நின்றதும் பாட்டுப் போடுகிறவன் பின்னால் போய்விட்டது. மனசுக்கே தெரியும் என்று மனைவியிடம் அளந்தாரே, எந்த மனசு? தையல்காரம்மா வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டி, ஏனம்மா வரவில்லை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இன்னதுதான் காரணம் என்று அவள் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற திராணி அவருக்கு இல்லை. குழாயைச் சுருட்டினார். நிறைந்த டேங்கோடு மேட்டிலிருந்து இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை. கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

வீட்டு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார். அவள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தீர்ந்துபோச்சு, தீர்ந்துபோச்சு என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த அதே டப்பா. இவரைக் கண்டதும் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"தெரு போச்சு," என்றார் அவர். மேஜைப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தர்கூட வெளிய வரல. ஒருத்தர்கூட. எல்லாம் அந்த நீல வண்டிக்குப் போயிட்டாங்க. நான் வந்தா அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டே இருந்துட்டேன். நான் ஒரு முட்டாள்."

அவள் டப்பாவை மூடினாள். மூடின கை மூடியிலேயே நின்றது.

"நீங்க வந்தது எனக்கே தெரியலையே," என்றாள்.

"என்ன?"

"இத்தன வருஷத்துல இந்த டப்பாவோட நீங்க என்னைப் புடிச்சிருக்கீங்களா? வளைவு திரும்பும்போதே ஊளை கேட்டுடும், எடுத்து வச்சுடுவேன். இன்னிக்குக் கேக்கல. வாசலுக்கு வந்தும் கேக்கல. எனக்கே கேக்கலன்னா அவங்களுக்கு எப்படிங்க கேக்கும்? அவங்க உங்களுக்கு வந்தாங்களோ என்னமோ, ஊளைக்கு வந்தாங்க."

அவர் வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, பழைய கிரவுன் இருந்த சாக்கை நோக்கி இரண்டடி வைத்தார். அவருக்கு என்ன யோசனை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத மறுபடி மாட்டினா உங்க கூட ஒரு வார்த்த பேச மாட்டேன். உடஞ்ச பல்லு. மேட்டுல விட்டுதுன்னா என்ன ஆகும்? எடுங்க வண்டிய. நானும் வரேன்."

"நீ வந்து என்ன பண்ணுவ?"

"வாங்கன்னா."

கல்யாணமான நாளிலிருந்து அந்த லாரியில் அவள் ஏறியதில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மேடு ஆரம்பிக்கிற இடம் வந்ததும் தலையை வெளியே நீட்டினாள். நீட்டி, ஊளையிட்டாள்.

தண்ணிக்காரர் ஸ்டியரிங்கை விடாமல் இருந்தது ஆண்டவன் புண்ணியம். ஏதோ கத்தினாள் என்று நினைக்காதீர்கள். அடித்தொண்டையிலிருந்து மெல்லக் கிளம்பி, அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த ஏறி, மூக்கு வழியாக இழுத்து, நிறைந்த டேங்கின் கனம் அவ்வளவும் அதில் தெரிந்தது. வளைவில் அவர் கியர் மாற்றக் காலை எடுத்தார். அவள் சட்டென்று நிறுத்தினாள். கியர் விழுந்தது, காலை அழுத்தினார், அவள் விட்ட இடத்திலிருந்து ஒரு படி கீழே பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். அவர் கால் எப்போது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேல்தெருவில் முதல் கதவு திறந்தது. பிறகு அடுத்தது. வாளி மோதுகிற சத்தம், குடம் உருளுகிற சத்தம். தையல்காரம்மா கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக ஓடிவந்தாள். ஊசியை எடுத்துவிட்டு, "என்ன அண்ணே, நாலு நாளா ஆளையே காணோம்? அந்த நீல வண்டித் தண்ணி ஒரே களிம்பு வாசன. காலைலேர்ந்து காது குடுத்துட்டே ஒக்காந்திருக்கேன்," என்றாள். அப்போதுதான் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. "அக்கா, நீங்களா கத்தினது?" என்றாள். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் முகம் சிவந்து போய், "தண்ணி புடிக்கிறவங்க புடிங்க, சும்மா நின்னு என்ன பாக்கறது," என்று அதட்டினாள். அன்றைக்கு டேங்க் துடைத்து வைத்தாற்போல் காலியாயிற்று.

திரும்பி இறங்கும்போது தண்ணிக்காரர் வளைவு வரைக்கும் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, "உனக்குத்தான் அந்தச் சத்தமே புடிக்காதே. எப்படி இவ்வளவு மனப்பாடமா இருக்கு?" என்று கேட்டார்.

"புடிக்கலன்னா கேக்காம இருக்க முடியுமா? வளைவுல கியர் மாத்துவீங்க. அப்ப ஒரு மூச்சு நேரம் சத்தம் நிக்கும். மறுபடி வர்ற வரைக்கும் எனக்கும் மூச்சு நிக்கும். தெனமும்தான்."

அவருக்கு ஒரு மழைநாள் ஞாபகம் வந்தது. வளைவில் டயர் பஞ்சராகி, மாற்றிப் போட்டு வர நேரமாகிவிட்டது. அவள் வாசலில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றாள். கொடியில் துணி எடுக்க வந்தேன் என்றாள். கொடியில் துணியே இல்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் லாரியின் வேகத்தைக் குறைத்தார்.

"காலி டேங்கோட வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும்?" என்றார்.

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். தலையை வெளியே நீட்டவில்லை. உள்ளேயே, அவர் காதுக்குப் பக்கத்தில், தணிந்த குரலில், கனமில்லாமல், ஆடி அசைந்து இறங்கி வருகிற அந்தச் சத்தத்தைச் சொல்லிக் காட்டினாள். இத்தனை வருஷமாகத் தான் வீடு திரும்புகிற சத்தத்தை அவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

கேட்டுக்குள் லாரியை நிறுத்தியதும், "அந்த டப்பால மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார்.

"தீந்துபோச்சு," என்றாள் அவள், இறங்கிக்கொண்டே.